யூகே ஸ்டூடண்ட் விசாவில் வேலை: ஷேர் கோட் மட்டும் போதாது

பார்ட் டைம் வேலை கிடைத்ததும் கடையிலிருந்து முதலில் வரும் மெசேஜ், "ரைட் டு வொர்க் ப்ரூஃப் அனுப்பு" என்பதுதான். உடனே பாஸ்போர்ட்டையோ பழைய பிஆர்பி கார்டையோ (யூகேவில் தங்க அனுமதி காட்டும் பிளாஸ்டிக் அட்டை) போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கார்டுகளின் கதை 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இப்போது எல்லாமே இ-விசா, அதாவது ஆன்லைனில் இருக்கும் விசா பதிவு. அதை முதலாளிக்குக் காட்ட நீங்கள் எடுத்துக் கொடுக்கும் குறியீடுதான் ஷேர் கோட்.

கோட் எடுப்பது சுலபம். அரசு இணையதளத்தில் 'ப்ரூவ் யுவர் ரைட் டு வொர்க்' பக்கத்துக்குப் போய், உங்கள் யூகேவிஐ (யூகே விசா, குடியேற்றத் துறை) கணக்கில் உள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போட்டால் போனுக்கோ மெயிலுக்கோ ஒரு பாதுகாப்பு எண் வரும், அதையும் போட்டு உள்ளே போங்கள். எதற்காக என்று கேட்கும்போது வேலை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு வாடகைக்கு எடுத்த கோட் வேலைக்கு உதவாது. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஒன்பது வரும், டபிள்யூவில் தொடங்கினால் சரியான கோட். 90 நாள் செல்லும், தீர்ந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

கோடையும் பிறந்த தேதியையும் மட்டும் கொடுங்கள். உங்கள் திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது செக் ஆகாது. முதலாளி தனக்கான பக்கத்தில் அவரே போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே உங்கள் படம், விசா முடியும் தேதி, எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பது வரும். அந்தப் படத்தில் இருப்பது நீங்கள்தானா என்று நேரிலோ வீடியோ காலிலோ பார்த்துவிட்டு, பக்கத்தைச் சேமித்துக்கொள்வார். இதில் அவர் கறாராக இருந்தால் கோபப்படாதீர்கள். சரியாகச் செக் பண்ணாமல், அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்து மாட்டினால் முதல் முறையே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம்.

அப்புறம் பலருக்கும் வேலை இழுத்தடிப்பது இந்த இடத்தில்தான்: டெர்ம் தேதிகள். உங்கள் படிப்பு எப்போது நடக்கிறது, லீவு எப்போது என்பதற்கும் ஆதாரம் வாங்கி வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் கோர்ஸின் தேதிகள் இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரிண்ட் போதும், இல்லையென்றால் மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டு ஒரு கடிதம் கேளுங்கள். வேலை கிடைத்த பிறகு கேட்காமல், தேடத் தொடங்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்: ஜூன் மாதம் இளங்கலைப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினாலும், டிசர்டேஷன் எழுதும் உங்களுக்குப் பொதுவாக அது லீவு கிடையாது, டெர்ம்தான். ஃபுல் டைம் ஷிப்ட்டுக்குத் தலையாட்டும் முன் உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

டிகிரி அளவுப் படிப்பு என்றால் டெர்மில் வாரம் 20 மணி, அதற்குக் கீழே என்றால் 10. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, சராசரிக் கணக்கெல்லாம் செல்லாது. இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25 என்று செய்தால் விதிமீறல்தான். ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏறும் ஷிப்ட் திங்கள் காலை 6-க்கு முடிகிறதா, இரண்டு மணி இந்த வாரத்தில், ஆறு மணி அடுத்த வாரத்தில். இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டும் சேர்த்துத்தான் 20, அது இரண்டு மேனேஜருக்கும் தெரிய வேண்டும், இல்லையென்றால் கணக்கு வைக்க வேண்டியது நீங்கள் மட்டுமே.

"என்ஐ நம்பர் (நேஷனல் இன்சூரன்ஸ் எண்) வரட்டும், பிறகு சேரு" என்று சிலர் சொல்வார்கள். அந்த எண் வரிக்கும் இன்சூரன்ஸுக்கும்தான், வேலை உரிமைக்கு அது ஆதாரமே அல்ல. விண்ணப்பித்துவிட்டு, உரிமையை நிரூபித்தால் எண் வருமுன்பே வேலையைத் தொடங்கலாம்.

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ "தம்பி, பேப்பர் எல்லாம் வேண்டாம், கையில் காசு தருகிறேன்" என்று அண்ணன் ஒருவர் சொன்னாலும் 20 மணி வரம்பு அப்படியேதான் இருக்கும், மாட்டினால் போவது உங்கள் விசா. இன்னொருவர் அக்கவுண்டில் உணவு டெலிவரி ஓட்டுவதும் வேண்டாம். ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழிலே கூடாது, அக்கவுண்ட் யார் பெயரில் இருந்தாலும்.

பாஸ்போர்ட் புதுப்பித்தால் புது எண்ணை யூகேவிஐ கணக்கில் உடனே சேர்த்துவிடுங்கள்.