மும்பையில் நிதி திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு: முதல் தடவை நடத்துபவர்களுக்கு

தாராவிப் பக்கம் படிப்பை விட்டு நின்றுபோன பையன்கள், பெண்பிள்ளைகளுக்காக நாங்கள் செம்பூரில் சிலர் சேர்ந்து வருடா வருடம் ஒரு மதியச் சாப்பாடு போட்டுப் பணம் திரட்டுகிறோம். எப்படி நடத்துவது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஹால் பிடிப்பது, சமையல்காரரிடம் பேரம் பேசுவது, இலை, தண்ணீர் பாட்டில் இதெல்லாம் வீட்டில் ஒரு கல்யாணம் நடத்தியவர்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

முதலில் பணம் யார் கணக்கில் விழப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் கணக்கிலோ குழுப் பொருளாளர் கணக்கிலோ வேண்டவே வேண்டாம். மகாராஷ்டிராவில் பதிவில்லாத குழு பொதுமக்களிடம் தர்மப் பணம் வசூலிப்பதென்றால் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டம் 41சி பிரிவில் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், கணபதி விழா நடத்தும் மண்டல்காரர்கள் வசூலுக்கு முன்னால் வாங்குவது இதைத்தான். அதைவிட ஏற்கெனவே பதிவான ஒரு அறக்கட்டளையோடு கைகோர்த்து, வங்கி அவர்களுக்குக் கொடுத்த க்யூஆரையே வைத்துவிடுவது மேல். 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) இரண்டின் பதிவுச் சான்றையும் கேளுங்கள், தேதி காலாவதி ஆகவில்லையா பாருங்கள். பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் என்றால் இளஞ்சிறார் நீதிச் சட்டப் பதிவும் இருக்க வேண்டும். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் நமக்கு வேண்டாம். பணம் எதற்கு என்பதையும் குறிப்பாக எழுதி வாங்குங்கள். ‘இளைஞர் மேம்பாடு’ என்றால் யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள், ‘என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாவது எழுதத் தேர்வுக் கட்டணமும் ஆறு மாத ரயில் பாஸும்’ என்றால் திறப்பார்கள்.

தேதி. மாதத்தின் முதல் ஞாயிறுதான் சரி, சம்பளம் வந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, கணபதி நாட்கள், ஜனவரியில் மும்பை மாரத்தான் நடக்கும் ஞாயிறு, இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம் மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிற்றில் ரயில்களைக் குறைப்பது! மத்திய ரயில்வே மாட்டுங்கா–முலுண்ட் பக்கம் பிளாக் போடுகிற ஞாயிற்றில் தாணேயிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறவர்கள் பாயசம் முடிந்த பிறகுதான் வந்து சேருவார்கள். அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வரும், வந்ததும் குழுவில் போட்டு, சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள்.

கூப்பனில் ஒரு விஷயம். சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு நன்கொடை ஆகாது, இலையில் பதில் கிடைத்துவிடுகிறதே! அதற்கு 80ஜி ரசீது போடக் கூடாது. அதனால் கூப்பனைச் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் விலை வைத்து, நன்கொடையைத் தனி மேஜையில் வாங்குங்கள். குலுக்கல் சீட்டு யோசனையை யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள். லாட்டரிச் சட்டம் குறுக்கே வரும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த நன்கொடை மேஜை. நிகழ்ச்சியே இங்கேதான் தடுமாறும், அதனால் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் வந்துவிடும், ஆனால் யார் கொடுத்தது? வங்கி ஸ்டேட்மெண்டில் ஒரு யுபிஐ ஐடி மட்டும் நிற்கும். அறக்கட்டளை வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் ஒவ்வொருவர் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண், தொகை எல்லாம் காட்ட வேண்டும், கடைசி நாள் மே 31. அதைத் தாக்கல் செய்தால்தான் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கேட்க 10பிஇ சான்றிதழ் வரும். பெயரில்லாமல் வரும் பணம் ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு அறக்கட்டளை 30 சதவீத வரி கட்ட வேண்டும். கோயில் உண்டியல் பாணி இங்கே செல்லாது. “ரசீதெல்லாம் எதுக்குப்பா, வெச்சுக்கோ” என்று நகர்கிற மாமாவையும் நிறுத்தி எழுதி வாங்க வேண்டியது இதனால்தான்.

கூகுள் ஃபார்ம், ஆப் எல்லாம் பார்த்தாயிற்று. வரிசையில் நிற்கிறவர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு போனில் தட்டுவதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். என் ஓட்டு நீள நோட்டுக்கும் பந்துமுனைப் பேனாவுக்கும்தான், எக்செல்லில் ஏற்றுவது சாயங்கால வேலை. கோடு போட்டு வையுங்கள்: பானில் உள்ளபடி பெயர், பான் எண், பின்கோடோடு முகவரி, போன், தொகை, யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் கடைசி நான்கு. இந்தக் கடைசி நான்குதான் உயிர், ஸ்டேட்மெண்டோடு ஒப்பிட அது ஒன்றே போதும், மனைவி போனிலிருந்து கணவர் கொடுத்ததெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சான்றிதழ் யார் பெயரில் வேண்டுமோ பணம் அவர் கணக்கிலிருந்தே போகட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களிடம் இனிஷியல் சிக்கல் வேறு. நோட்டில் ‘கே. முருகன்’ என்பார், பானில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் நிற்கும். கார்டைப் பார்த்தே எழுதுங்கள். பானில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து. ஆகவே வட்டமாக ஒன்று இருந்தால் அது ஓ-வா பூஜ்யமா என்று இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். தனிநபர் என்றால் நான்காவது எழுத்து பி. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் 80ஜி சலுகை கிடையாது, மேஜை மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கொடுக்கிறவர் பெயர் இவ்வளவு கவனமாக எழுதப்பட வேண்டும், வாங்குகிற பிள்ளையின் பெயரோ எங்கேயும் வரக் கூடாது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, 74ஆவது பிரிவு: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரோ, சட்டத்தோடு முரண்பட்ட சிறாரோ, அவர்கள் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். நீங்கள் உதவுகிற எல்லாப் பிள்ளைகளும் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள், ஆனாலும் எல்லாருக்கும் இதே விதியை வையுங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சட்டைப்பையில் பள்ளி பேட்ஜை அப்படியே விட்டிருக்கும் படங்கள் எத்தனை பார்த்திருக்கிறேன். பெரிய தொகை கொடுப்பவர் “ஒரு பையனைக் கூப்பிடுங்க, செக்கை அவன் கையில குடுத்து போட்டோ எடுத்துக்கலாம்” என்பார். செக்கை அறங்காவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு ஹாலுக்கே அழைத்து வராமல் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. பதினெட்டு தாண்டியவர் யாராவது தானாக விரும்பிப் பேச வந்தால் பேசட்டும், அதுவும் என்ன வேலை கற்றுக்கொண்டார் என்பதை, வீட்டுக் கதையை அல்ல.

பாட்டுக் கச்சேரி வைப்பவர்களுக்கு: சினிமாப் பாட்டு பாடினால் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கம்), ரெக்கார்டு போட்டால் பிபிஎல் (இசைப் பதிவு நிறுவனங்களின் அமைப்பு) என்று உரிமம் கேட்டு வருவார்கள், தர்ம காரியம் என்பதால் விலக்கு கிடையாது. பறையும் நாட்டுப்புறப் பாட்டும் போதும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். ஒன்று, புதிய வரி முறையில் இருக்கிறேன், 80ஜி உண்டா? கிடையாது, பழைய முறையில்தான். ரசீதும் நோட்டும் அவருக்கும் கட்டாயம்.

இரண்டாவது வெளிநாட்டு உறவுக்காரர்கள். துபாயில் இருக்கும் அண்ணன் இந்திய பாஸ்போர்ட்காரர் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அத்தை மகன் கொடுத்தால் ஆகும், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் அதே கதைதான். அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், பணமும் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் விழ வேண்டும். லீவில் வந்திருக்கும்போது மேஜையில் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் இதே விதிதான். நோட்டில் ‘குடியுரிமை’ என்று இன்னொரு கட்டம் சேர்த்துவிட்டேன், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.