ஏத்தத்துக்கு லைட்வெயிட் புல்லியா? மாட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பளையைத் தாண்டி புசல்லாவை, ரம்பொடை என்று ஏறத் தொடங்கியதும் சின்ன எஞ்சின் கார்களுக்கு மூச்சு வாங்கும். ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் இரண்டாம் கியரிலும் இழுக்காது. இப்படி அவதிப்பட்டவர்களிடம்தான் "கிராங்க் புல்லியை அலுமினியத்துக்கு மாற்றுங்கள், ஏத்தம் லேசாகிவிடும்" என்ற பேச்சு எடுபடுகிறது. எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் பூட்டியிருந்து, அல்டர்நேட்டர் போன்றவற்றைச் சுற்றும் பெல்டை ஓட்டும் சக்கரம்தான் கிராங்க் புல்லி. மலைநாட்டில் அன்றாடம் ஓடும் வீட்டுக் காருக்கு அது வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

எடை குறைந்தால் பவர் கூடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. புல்லி லேசானதால் எஞ்சின் ஒரு துளி பவரும் அதிகமாகத் தராது. எஞ்சின் சுழலும் வேகம் கூடிக்கொண்டிருக்கும்போது, புல்லியைச் சுழற்றிவிடச் செலவாகும் சக்தியில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். புல்லியில் ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சின்னக் காரின் கியர் விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் கியரில் வேகமெடுக்கும்போது வண்டியில் 11 கிலோ அளவுக்குச் சாமானை இறக்கிய பலன் கிடைக்கும். இரண்டாம் கியரில் அது 3 கிலோ சொச்சம். டொப் கியரில் அரைக் கிலோ.

ஏத்தத்தில் நாம் வேகமெடுத்துக்கொண்டே போவதில்லை. மணிக்கு 30, 40 கிலோமீற்றரில் ஒரே சீராக ஏறுகிறோம். வேகம் மாறாதபோது லேசான புல்லியும் கனமான புல்லியும் ஒன்றுதான். ஆட்களோடு 1,200 கிலோ வரும் கார், 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் சாய்வில் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, உயரத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 14 குதிரைத்திறன் வேண்டும். ஒன்றரைக் கிலோ குறைந்ததால் அதில் மிச்சமாவது ஒரு குதிரைத்திறனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி "இதோ, கூடியிருக்கிறது" என்று காட்டும் கிராஃபையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பல மெஷின்கள் கனமான உருளையை வேகமெடுக்க வைத்துத்தான் பவரைக் கணிக்கின்றன. சுழலும் எடை குறைந்தால் அந்த எண் சற்றுக் கூடும். சீராக ஏறும்போது அந்தக் கூடுதல் இருக்காது.

சரி, அப்படியானால் வண்டி ஏன் இழுப்பதில்லை? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் பவரும் கிட்டத்தட்ட அதே அளவில் குறையும். 48 குதிரைத்திறன் உள்ள 800 சிசி ஆல்ட்டோ, மேலே போனதும் 40ஐ ஒட்டித்தான் நிற்கும். எந்தப் புல்லியாலும் இந்தக் காற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதுவரை சொன்னதில் போவது பணம் மட்டும்தான். அடுத்த தவறு எஞ்சினையே கெடுக்கக்கூடியது: தொழிற்சாலையில் வந்த புல்லியை வெறும் இரும்புச் சக்கரம் என்று நினைத்துக் கழற்றி வீசுவது. டோர்ச் அடித்து அதன் முகத்தைப் பாருங்கள். பல எஞ்சின்களில் நடுவில் ஒரு பகுதி, வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம்கூட இல்லாத கறுப்பு ரப்பர் கோடு தெரியும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதிர்வை அடக்கும் டாம்பர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல மிக நுண்ணிய அளவில் முறுக்கி விடுபடுகிறது. குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த முறுக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெரிதாகும். வெளி வளையத்தின் எடையும் ரப்பரும் சேர்ந்து அதை அடக்குகின்றன. அந்த எடை வேலையோடு வைத்த எடை. அதை எடுத்துவிட்டு ஒரே துண்டாகக் கடைந்த அலுமினியப் புல்லியைப் போட்டால் அதிர்வு முழுவதும் தண்டுக்கும், பெயாரிங்குக்கும், தண்டோடு சேர்ந்து சுழலும் ஒயில் பம்புக்கும் போகும். உடனே ஒன்றும் தெரியாது, வண்டி நன்றாகத்தான் ஓடும். நாளடைவில் ஒயில் பம்பின் பல்லோ தண்டோ வெடித்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான். நீளமான தண்டுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சில சின்ன எஞ்சின்களுக்குத் தொழிற்சாலையிலேயே ரப்பர் இல்லாத புல்லிதான் வரும். அவற்றுக்கு இந்தப் பயம் குறைவு, ஆனால் மாற்றுவதால் பலனும் அதே அளவு குறைவு.

லேசான புல்லியையும் சின்னப் புல்லியையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. அண்டர்டிரைவ் என்று விற்பது விட்டத்தில் சிறியது. அது அல்டர்நேட்டர், வோட்டர் பம்ப், ஏசி கம்ப்ரெசர் ஆகியவற்றை மெதுவாகச் சுழற்றி எஞ்சினின் சுமையைக் குறைக்கிறது. இதில் கொஞ்சம் பவர் மிச்சமாவது உண்மை. ஆனால் எங்கிருந்து மிச்சமாகிறது என்று பாருங்கள். நானுஓயாப் பக்கம் பின்னேரம் மூடுபனி இறங்கினால் ஹெட் லைட், ஃபொக் லைட், வைப்பர், கண்ணாடியின் ஆவியை நீக்கும் புளோவர் எல்லாம் ஒன்றாக ஓடும், வண்டியோ ஊர்ந்து போகும். அல்டர்நேட்டர் மெதுவாகச் சுழன்றால் அந்த நேரத்தில் பற்றரிதான் கரையும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும்போது எஞ்சின் சூட்டை இறக்க வேண்டிய வோட்டர் பம்பும் அதே பெல்டில் மெதுவாகத்தான் சுற்றும். (டைமிங் பெல்டில் ஓடும் பம்பானால் இந்தப் பாதிப்பு இல்லை.) அதோடு, அந்த உயரத்தில் வெறும் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நம் வண்டிகள் கொதிக்காமல் இருக்கின்றன. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்து பம்பும் மெதுவானால், ஹெட் கேஸ்கட் போக ஒரு ஏத்தம் போதும்.

மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஓடும் கார்களைக் காட்டி ஆசைப்படுவதும் உண்டு. அவை சிறிது தூரம் முழு வேகமெடுத்து ஓடிவிட்டு நிறுத்தப்படும் வண்டிகள், எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்கவும் ஆட்கள் இருப்பார்கள். ஹட்டனுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் காருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம். மூன்றாம் தலைமுறை பிரியஸில் இந்த பெல்டே கிடையாது.

கழற்றிப் பூட்டுவதிலும் தவறு நடக்கிறது. புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லரின் கொக்கியை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தாலோ சுத்தியலால் தட்டினாலோ ரப்பர் கிழியும். நடுப் பகுதியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். நடு போல்ட்டை இம்பாக்ட் கன்னால் குத்துமதிப்பாக இறுக்குவது அதைவிட மோசம். சில எஞ்சின்களில் புல்லியையும் டைமிங் கியரையும் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது அந்த ஒரு போல்ட்டின் இறுக்கம்தான். சில போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். கராஜ் பாஸிடம், இறுக்கத்தை அளந்து பூட்டும் டோர்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அந்தக் காசை வேறு இடத்தில் போடுங்கள். எயார் ஃபில்டர், பிளக், டயர் காற்று, வீல் சூடாகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், நழுவும் கிளச் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஏசி ஓடினால் சில குதிரைத்திறன் அதற்கே போய்விடும். ரம்பொடை ஏத்தத்தில் அதை நிறுத்தி ஜன்னலைத் திறந்தாலே வித்தியாசம் காலுக்குத் தெரியும். வண்டி திணறும் முன்பே கியரை இறக்குங்கள். ஓட்டோ கியர் என்றால் டி-யிலேயே விட்டு மிதிக்காமல் எஸ்ஸுக்கோ எல்லுக்கோ மாற்றுங்கள்.

அப்புறம், ஓடித் தேய்ந்து வந்த ஜப்பான் கார்களில் பழைய டாம்பரின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியதும், நடுப் பகுதியிலிருந்து வெளி வளையம் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே நேர்கோடு இழுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது. அப்போது புல்லியை மாற்றியே ஆக வேண்டும், ரப்பரோடு வரும் அதே வகையைக் கேட்டு வாங்குங்கள்.