கவிதை அறக்கட்டளையின் காசு எங்கே வீணாகிறது?

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ கவிதைக்காக அறக்கட்டளை தொடங்குவோர் முதலில் விழும் குழி ஆண்டுக் கவியரங்கு. அழைப்பிதழில் நாலு மணி; பிரதம அதிதி வர ஐந்தரை. விளக்கேற்றி, வரவேற்று, பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழும்பிவிடுவார்கள். கவிஞர்களுக்கு மிஞ்சுவது தலைக்கு மூன்று நிமிடம். வரவுசெலவைப் பாருங்கள்: மண்டபம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி, ஞாபகச் சின்னம். கவிஞருக்கென்று ஒரு சதமும் இருக்காது. பொன்னாடையை விட்டுவிட்டு வழிச்செலவையாவது கையில் கொடுங்கள்.

சரி, கவிதையை வெளியே கொண்டுவரலாம் என்றால் உடனே பெரிய பதாகைதான். லண்டன் சுரங்க ரயில்களில் 1986 முதல் கவிதை வைக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வாசிக்க நேரம் உண்டு. கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஏது? கல்முனை பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வரிசை, பிரதேச செயலக வாங்கு என்று ஆட்கள் காத்திருக்கும் இடமாகப் பாருங்கள். நாலைந்து வரி போதும். அச்சுக்குப் போகுமுன் அச்சுக்கடைக் கணினியிலேயே ஒருமுறை வாசியுங்கள். யூனிகோடில் அனுப்பியதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று போய்விடும். இடம் காணாவிட்டால் அடியை நடுவில் முறித்தும் வைப்பார்கள்.

காலமானவர் கவிதை என்றால் கேட்காமல் போடலாம் என்ற எண்ணமும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் மறைந்தார். அவர் பாடலைத் தயங்காமல் வைக்கலாம். கவிஞர் நீலாவணன் மறைந்தது 1975இல். அவர் குடும்பத்தைக் கேட்டாக வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய பிழை நாட்டார் கவியில்தான் நடக்கிறது. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து உம்மாமார் பாடும் கவியை போனில் பதிந்து, ‘நாட்டார் பாடல்’ என்று கீழே போட்டு முடித்துவிடுகிறார்கள். பாடியவர் பெயரில்லை, ஊரில்லை. வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போன மச்சானை நினைத்துப் பாடுவதை வீட்டுக்குள் தன் தோழிகளுக்காகப் பாடியிருப்பார்; அது முகநூலில் வர அவர் சம்மதிக்கவில்லை. அம்மனைக் குளிர்விக்கப் பாடும் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலும் அப்படித்தான். வைகாசிச் சடங்கில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து பிய்த்தெடுத்து மேடையில் ஐந்து நிமிடம் பாட வைத்தால் கோயில் ஆட்கள் கோபிப்பது நியாயம்தான். முதலில் கேளுங்கள். பெயர் போடலாமா, யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்பதைப் பாடியவரே சொல்லட்டும். அப்புறம் பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுங்கள். பேரப்பிள்ளையின் போனில் ஏற்றிக் கொடுத்தாலும் போதும்.