வாத்து வேட்டைக்கு லேப் (லாப்ரடார்) குட்டிய பழக்குறது எப்படி? முதல் தடவை பழக்குறவங்களுக்கு

ஹூஸ்டன் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் வீட்டுல லேப் இருக்கு. நவம்பர் வந்துட்டா கூட வேலை பாக்குறவங்க ஈகிள் லேக், எல் காம்போ பக்கம் தண்ணி கட்டின நெல்லு வயலுக்கு வாத்து வேட்டைக்குக் கூப்பிடுறாங்க, உடனே நம்ம லேபையும் கூட்டிட்டுப் போலாமா, அது தானா போய் எடுத்துட்டு வந்துடாதான்னு ஒரு ஆசை வந்துடுது. ஓடிப்போய் கவ்வுறது அதுக்குப் பிறவியிலேயே இருக்கு, அத நீங்க பெருசா சொல்லிக் குடுக்க வேண்டாம். துப்பாக்கி வெடிச்சு வாத்து கண்ணு முன்னாடி விழும்போது நீங்க சொல்ற வரைக்கும் அசையாம உக்காந்திருக்கணும் பாருங்க, அதுதான் எந்த லேபுக்கும் பிறவியில வராது. அப்படி உக்காராத நாய் அடுத்த ஆளு சுடுற நேரத்துல குண்டு போற வழியில பாஞ்சிடும். அதனால இங்க நான் எழுதுறதுல பாதி எப்படி எடுக்க வெக்கிறதுன்னு இருக்காது, எப்படி காத்திருக்க வெக்கிறதுன்னுதான் இருக்கும்.

இந்தியால இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், அங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்த சுடுறது குற்றம், அந்தப் பக்கமே போகாதீங்க. ஆனா பம்பர், அதாவது தூக்கிப் போட்டு நாய எடுத்துட்டு வர வெக்கிற பயிற்சி உருளை, அத வெச்சு பண்ற பயிற்சிய அப்படியே உங்க லேபுக்குக் குடுக்கலாம், வீட்டுக்குள்ளயே கிடந்து குண்டாகுற நாய்க்கு இதவிட நல்ல வேலை கிடையாது.

குட்டி வாங்கும்போது அழக பாக்காதீங்க, அப்பா அம்மாவ பாருங்க. ரெண்டும் வேலை செய்யுற நாயா, இடுப்பு எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் ஓஎஃப்ஏ (நாய் எலும்பு எக்ஸ்ரேய பாத்து தரம் சொல்ற அமைப்பு) சர்டிஃபிகேட் இருக்கா, கண்ணு செக் பண்ணியிருக்காங்களான்னு கேளுங்க. ஈஐசின்னு ஒரு பரம்பரை நோய் லேப்ல உண்டு, நல்லா ஓடிட்டிருக்கிற நாய் பத்து நிமிஷத்துல பின்னங்கால் தள்ளாடி விழுந்துடும், அதுக்கு ஜீன் டெஸ்ட் இருக்கு. அப்பா அம்மால ஒண்ணாவது அந்தக் குறை முழுக்க இல்லாததா இருந்தா குட்டிக்கு அந்த நோய் வராது. கேட்டா பேப்பர காட்டாத ஆளுகிட்ட வாங்காதீங்க, விலை குறைச்சு குடுத்தாலும் சரி.

குட்டி எட்டு வாரத்துல வீட்டுக்கு வந்துடும். முதல் ரெண்டு மாசம் வேட்டைய பத்தி யோசிக்கவே வேண்டாம். புது ஆளுங்க, புது தரை, புல்லு, படிக்கட்டு, பிக்கப் டிரக் சத்தம், பாத்திரம் விழுற சத்தம் எல்லாம் பழகட்டும். தடுப்பூசி முடியாம நாய்ங்க கூட்டமா வர்ற பார்க்குல மட்டும் இறக்கி விடாதீங்க, பார்வோ பொல்லாத நோய். இந்த ஊர்ல கொசு ஜாஸ்தி, இதயப்புழு மாத்திரைய வெட் (கால்நடை டாக்டர்) சொன்ன மாதிரி மாசா மாசம் குடுத்துடணும், லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசி பத்தியும் கேட்டுக்கங்க, ஏன்னா தேங்கின தண்ணிலதான் இந்த நாய் வாழ்க்கை பூரா வேலை செய்யப்போகுது.

வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தைய சொல்லணும், இது ரொம்ப முக்கியம். நீங்க ஹியர்னு கூப்பிட, வீட்டுக்காரம்மா வாடா இங்கன்னு கூப்பிட, பசங்க கம் கம்னு கத்தினா குட்டி எதையும் கத்துக்காது. தமிழ்ல சொன்னாலும் இங்கிலீஷ்ல சொன்னாலும் நாய்க்கு ஒண்ணுதான், ஆனா ஒண்ணா முடிவு பண்ணி ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டிடுங்க. உக்காரு, வா, பக்கத்துல நட, கூண்டுக்குள்ள போ, வேண்டாம், இந்த அஞ்சும் போதும் முதல் ஆறு மாசத்துக்கு. விசிலும் கூடவே சேத்துடுங்க, ஒரு நீட்டு ஊதினா உக்காரணும், குட்டி குட்டியா மூணு நாலு தடவ ஊதினா ஓடி வரணும். சாப்பாட்டு தட்ட வெச்சுட்டு குட்டிய உக்கார வெச்சு, நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் சாப்பிடணும்னு பழக்குங்க. கதவு திறக்கும்போதும், கார்ல இருந்து இறங்கும்போதும் அதே மாதிரிதான். காத்திருந்தா கிடைக்கும்னு அதுக்கு ஆறு மாசத்துக்குள்ள ஆழமா பதிஞ்சிடுச்சுன்னா பின்னாடி சதுப்புல உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

தூக்கிட்டு வர்ற விளையாட்ட வீட்டு நடைபாதையில ஆரம்பிங்க, ரெண்டு பக்கமும் சுவரு இருக்கறதால குட்டிக்கு உங்ககிட்ட வர்றதத் தவிர வேற வழி இருக்காது. ஒரு பழைய சாக்ஸ முடிச்சு போட்டு உருட்டி விடுங்க, எடுத்துட்டு வந்தா உடனே புடுங்காம அத மடியில வெச்சு கொஞ்ச நேரம் தடவிக் குடுங்க, அப்பறமா மெதுவா வாங்குங்க. மூணு தடவ, மிஞ்சிப்போனா நாலு தடவ, அதோட நிறுத்திடுங்க. இன்னும் வேணும்னு குட்டி ஏங்கும்போதே நிறுத்தணும், அலுத்துப்போற வரைக்கும் போட்டா அடுத்த நாள் பாதியில விட்டுட்டு போயிடும். அது வாயில வெச்சுட்டு ஓடினா துரத்தாதீங்க, துரத்தினா அது அதுக்கு ஒரு விளையாட்டு ஆயிடும், நீங்க எதிர்ப்பக்கம் ஓடுங்க, அதுவே பின்னாடி வரும். இழுத்து விளையாடுறதும் வேண்டாம், பின்னாடி வாத்த கடிச்சுக் கிழிக்கிற பழக்கம் அதுலதான் வரும். நாலு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பல்லு விழுந்து முளைக்கும், ஈறு வலிக்கிற அந்த வாரங்கள்ல எடுக்க வெக்கவே வெக்காதீங்க.

பிறகு வெளிய புல்லு வெட்டின மைதானத்துல சின்ன பம்பர் போட ஆரம்பிக்கலாம். வெள்ளை கலர்ல வாங்குங்க, ஆரஞ்சு கலரு நாய் கண்ணுக்கு புல்லோட புல்லா கலந்துடும், சிவப்பு பச்சைய அதால பிரிச்சுப் பாக்க முடியாது. கழுத்துல நீட்டு கயிறு எப்பவும் இருக்கட்டும், வான்னு சொல்லி வராட்டி கயித்த இழுத்து வர வெக்கணும், சொல்லிட்டு விட்டுட்டீங்கன்னா அந்த வார்த்தைக்கு மதிப்பு போச்சு.

தண்ணிக்கு வருவோம். கோடையில தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்போது, சரிவா மெதுவா ஆழமாகுற கரையா பாத்து, நீங்களும் ஷார்ட்ஸ் போட்டுட்டு கூட இறங்குங்க. குட்டி கால் நனையுற அளவுல பம்பர போடுங்க, நாலஞ்சு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா தூரமாக்குங்க, ஒரு நாள் தரை காலுக்கு எட்டாம தானா நீந்த ஆரம்பிச்சிடும். தூக்கி தண்ணில போட்டா நீச்சல் வந்துடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தண்ணிக்கு ஒரு தடவ பயந்த நாய திருப்பிக் கொண்டுவர்றது பெரும்பாடு. டெக்சாஸ் கடலோரத்துல குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி முதலை இருக்கற இடமா, காட்டன்மவுத்ங்கிற விஷப் பாம்பு இருக்கான்னு அந்த நிலத்துக்காரர்கிட்ட கேளுங்க. பச்சையா பெயிண்ட் ஊத்தின மாதிரி பாசி படர்ந்த தண்ணினா அதுல நாய இறக்கவே கூடாது, சில பாசியோட விஷம் சில மணி நேரத்துலயே கொன்னுடும். வெயில் காலத்துல பயிற்சி எல்லாம் விடியற்காலையிலயே முடிச்சிடுங்க. நாக்கு அகலமா தொங்கி, நடை தள்ளாடினா அத்தோட நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு பூரா தண்ணி ஊத்தி நேரா வெட்கிட்ட ஓடுங்க.

அடுத்தது இறகு. பம்பர்ல ஒரு வாத்து இறக்கைய டேப் போட்டு கட்டி குடுங்க, முதல்ல மோந்து பாத்துட்டு நிக்கும், பரவால்ல, ரெண்டு நாள்ல எடுத்துடும். அப்பறம் செத்த புறா, அப்பறம் ஃப்ரீசர்ல வெச்ச முழு வாத்து. வாத்த நண்பர்கிட்ட வாங்குறீங்கன்னா அதுல அவரோட கையெழுத்து, விலாசம், எத்தன பறவை, என்ன வகை, சுட்ட தேதி எல்லாம் எழுதின சீட்டு கட்டியிருக்கணும், இது ஃபெடரல் சட்டம், நிறைய பேர் கண்டுக்கறதில்ல, நீங்க கண்டுக்கங்க.

துப்பாக்கி சத்தத்த பழக்குறதுல மட்டும் ஒரு துளி அவசரமும் கூடாது. சத்தத்துக்குப் பயப்படுற நாய் பெரும்பாலும் பிறந்ததுல்ல, மனுசங்க ஆக்குனது. பழகட்டும்னு ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறது, ஜூலை 4 பட்டாசுக்கு நடுவுல உக்கார வெக்கிறது, இதெல்லாம் நாய பாழாக்குற வழி. சரியான வழி என்னன்னா குட்டிக்குப் பறவை மேல வெறி வந்த பிறகு, நண்பர் ஒருத்தர் நூறு கஜம் தள்ளி நின்னு புறாவ தூக்கிப் போடணும், குட்டி அத பாத்து ஓடிட்டிருக்கும்போது ஒரே ஒரு பிளாங்க் (குண்டு இல்லாம சத்தம் மட்டும் வர்ற தோட்டா) வெடிக்கணும். ஓட்டத்துல இருக்கற நாய் சத்தத்த பெருசா எடுத்துக்காது, சத்தம்னா பறவைன்னுதான் மனசுல பதியும். நாளுக்கு நாள் பத்து பதினஞ்சு கஜம் கிட்ட வாங்க. காது பின்னாடி போனாலோ, வால் இறங்கினாலோ உடனே பழைய தூரத்துக்குப் போயிடுங்க, அங்க ஒரு வாரம் நில்லுங்க. கடைசிலதான் உண்மையான ஷாட்கன்.

ஆறு மாசம் தாண்டி பெரிய பல்லு எல்லாம் வந்த பிறகு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, வாயில வெச்சத கையில குடுக்குற வரைக்கும் பிடிச்சிருக்கணும். கையுறை போட்ட கைய வாயில வெச்சு, மெதுவா தாடைய தாங்கிப் பிடிச்சு, ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட்னு கூட்டி, பிறகு மரக்கட்டை, பிறகு பம்பர்னு போங்க. தண்ணில இருந்து ஏறின உடனே உடம்ப உதற வாத்த கீழ போடுறது எல்லா நாய்க்கும் உள்ள ஆசை, அடிபட்ட வாத்துன்னா அந்த நேரத்துல திரும்ப தண்ணிக்குள்ள முங்கிடும். காத முறுக்கி வலி குடுத்து எடுக்க வெக்கிற பழைய முறை ஒண்ணு உண்டு, அனுபவப்பட்டவங்க பக்கத்துல இல்லாம புதுசா பழக்குறவங்க அத தொடவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன். எலக்ட்ரிக் காலரும் அப்படித்தான், நாய்க்கு ஏற்கனவே நல்லா தெரிஞ்ச வார்த்தைக்கு மட்டும், அதுவும் முதல்ல உங்க கையில வெச்சு பாத்துட்டு போடணும், புதுசா ஒண்ணு சொல்லிக் குடுக்க அத பயன்படுத்தினா நாய் குழம்பித்தான் போகும். முதல் சீசனுக்கு அது இல்லாமயே சமாளிக்கலாம்.

ரெண்டாவது வேலைதான் நான் ஆரம்பத்துல சொன்னது. நாய பக்கத்துல உக்கார வெச்சு, கயித்த காலர் வழியா விட்டு ரெண்டு முனையையும் கையில பிடிச்சுக்கங்க. நண்பர் பம்பர வீசுவாரு, குட்டி பாயும், கயிறு நிறுத்தும், நீங்க கத்த வேண்டாம், திரும்ப உக்கார வெச்சு, முழுசா அமைதியான பிறகு ஒரு முனைய விட்டு பேர சொல்லி அனுப்புங்க. சில வாரத்துல கயிறு இறுகுறது நிக்கும். அப்பறம் பத்துல நாலு தடவ அத அனுப்பவே அனுப்பாதீங்க, நீங்களே நடந்துபோய் எடுத்துட்டு வாங்க, விழுற எல்லாமே எனக்குத்தான்னு அது நினைக்கக் கூடாது. பிறகு கூடவே டக் கால் (வாத்து மாதிரி சத்தம் வர்ற ஊதல்) ஊதுங்க, வெடி வெடிங்க, நிஜ வாத்த ஏமாத்தி வரவழைக்க தண்ணில மிதக்க விடுற பொம்மை வாத்துங்கள மொதல்ல புல்லு தரையில பரப்பி அதுக்கு நடுவுல நடத்திக் காட்டுங்க, பொம்மைய தூக்கினா வேண்டாம்னு சொல்லுங்க, அப்பறம் பொம்மைகளுக்கு அந்தப் பக்கம் பம்பர் போடுங்க, அப்பறம்தான் அதே காரியம் தண்ணில. வேட்டையில நாய் நிக்கப்போற மேடை, மறைவு தட்டி, நீங்க உக்காரப்போற ஸ்டூல் எல்லாத்தையும் பின்பக்க யார்டுல போட்டு பழக்கிடுங்க, வேட்டை அன்னிக்கு எதுவுமே புதுசா இருக்கக் கூடாது.

எங்க வரைக்கும் வந்திருக்கோம்னு தெரிஞ்சுக்க ஏகேசியோட (அமெரிக்கன் கென்னல் கிளப்) ஜூனியர் ஹன்ட் டெஸ்ட் நல்ல அளவுகோல். ஆறு மாசம் ஆன நாய் கலந்துக்கலாம், தரையில ரெண்டு, தண்ணில ரெண்டு, ஒவ்வொண்ணா விழுற பறவைய எடுத்துட்டு வந்து கையில குடுக்கணும், அனுப்புற வரைக்கும் நாய மெதுவா பிடிச்சுக்கவும் விடுவாங்க. கை காட்டி இடது வலது போக வெக்கிறது, பாக்காத பறவைய தேடி எடுக்கிறது எல்லாம் அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கங்க.

உங்க பேப்பர் வேலையும் இருக்கு. டெக்சாஸ் லைசென்ஸ், பறவைக்கான எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் அனுமதி), 16 வயசோ அதுக்கு மேலயோன்னா 25 டாலர் ஃபெடரல் டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டை முத்திரை), 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு). வாத்துக்கு ஈயக் குண்டு 1991ல இருந்தே நாடு முழுக்க தடை, ஷாட்கன்ல மூணு தோட்டாவுக்கு மேல ஏறக் கூடாது. ஹெச்1பி மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கிய கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுடுங்க, அதுக்குத் தனி விதி இருக்கு, லைசென்ஸ் இல்லாம தொட்டா பெரிய சிக்கல்.

முதல் வேட்டைக்கு செப்டம்பர் டீல் (ஒரு சின்ன வாத்து வகை) சீசன நான் சிபாரிசு பண்ண மாட்டேன், கடலோர சதுப்புல அப்ப தண்ணி சூடு, முதலை சுறுசுறுப்பா இருக்கும். நவம்பர் போய் குளிர் இறங்கட்டும். பிப்ரவரில பிறந்த குட்டிக்கு அப்ப ஒன்பது மாசம் ஆகியிருக்கும், மேல சொன்னதெல்லாம் சரியா வருதுன்னா ஆழமில்லாத நெல்லு வயல்ல, கூட ரெண்டு பேர் மட்டும் இருக்கற அமைதியான காலையா பாத்து கூட்டிட்டுப் போங்க. வரலன்னா அடுத்த சீசன் வரைக்கும் பொறுங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

அன்னிக்கு நீங்க சுடக் கூடாது. துப்பாக்கிய கார்லயே விட்டுடுங்க, நண்பர் சுடட்டும், உங்க வேலை நாய பிடிச்சுக்கறது மட்டும். அதுக்கு நியோப்ரீன் வெஸ்ட் போட்டு விடுங்க, குளிரும் தாங்கும், மிதக்கவும் உதவும். நாயோட தலைக்கு மேலயோ காதுக்குப் பக்கத்துலயோ சுடாதீங்கன்னு முன்னாடியே பேசிடுங்க. எல்லாரும் துப்பாக்கில சேஃப்டி லாக் போட்டாச்சுன்னு வாயால சொன்ன பிறகுதான் அனுப்பணும். செத்து திறந்த தண்ணில கண்ணுக்குத் தெரியற மாதிரி விழுந்த வாத்துக்கு மட்டும் அனுப்புங்க, உயிரோட முங்கி முங்கி ஓடுறத நண்பர் முடிச்ச பிறகு அனுப்பலாம், சின்ன நாய் அத துரத்திட்டு கண்ணுக்கெட்டாத தூரம் போயிடும். ரெண்டு மூணு வாத்த நல்லா எடுத்துட்டு வந்துட்டா போதும், வீட்டுக்குக் கிளம்பிடுங்க, மத்தவங்க இருந்துட்டு வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காத துடைச்சு காய வைங்க, கண்ணு மூலையில புல்லு விதை இருக்கான்னு பாருங்க, விரலிடுக்குல வெட்டு இருக்கான்னு தடவிப் பாருங்க, மூச்சு சமமான பிறகு சாப்பாடு. ரெண்டு நாள் ரெஸ்ட். அதுக்கப்பறம் திரும்ப யார்டுல கயித்தோட உக்கார வெச்சு பம்பர் போடுங்க, ஏன்னா நிஜ வாத்த ருசி பாத்த நாய் அடுத்த தடவ கண்டிப்பா முன்னாடியே பாயப் பாக்கும், ரெண்டாவது வேட்டைக்கு முன்னாடி அத சரி பண்ணிடணும்.