ஹோலோகாஸ்ட் பற்றிய சிறார் கதைகளில் நேரும் பிழைகள்

ஹோலோகாஸ்ட், அதாவது நாஜி ஜெர்மனி நடத்திய யூத இனப்படுகொலை, பற்றிய சிறார் கதைகளில் வயதுக் கணக்குதான் முதலில் இடறுகிறது. இன்று பத்து வயதுள்ள சிறுமியின் பாட்டி ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டவர் என்று எழுதிவிடுகிறார்கள். 1944இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அப்படியானால் அவர் கொள்ளுப்பாட்டி. பாட்டிக்கு அந்தக் காலமே செவிவழிச் செய்தி. கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.

கையில் பச்சை குத்திய எண்ணையும் யோசித்தே வைக்க வேண்டும். எண் குத்தும் வழக்கம் ஆஷ்விட்ஸ் முகாம்களில் மட்டுமே இருந்தது, அதுவும் பதிவு செய்யப்பட்ட கைதிகளுக்கு. அங்கே ரயிலிலிருந்து இறங்கிய யூதச் சிறுவர்களில் மிகப் பெரும்பாலோரை வேலைக்கு உதவாதவர்கள் என்று பதிவுகூடச் செய்யாமல் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். உங்கள் பாத்திரம் எப்படிப் பிழைத்தது? வயதைக் கூட்டிச் சொன்னதா? பதில் இல்லையென்றால் வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை சுமார் 10,000 பிள்ளைகள் பெற்றோரில்லாமல் பிரிட்டனுக்குப் போனார்கள். பெல்ஜியத்தில் கன்னிமாடங்களில் ஒளிந்து வளர்ந்தவர்களும் உண்டு.

முகாமின் மின்வேலிக்கு இருபுறமும் கைதிச் சிறுவனும் முகாம் அதிகாரியின் மகனும் நட்பாகும் கதையை விட்டுவிடலாம். வேலியைக் காவல் கோபுரங்கள் கண்காணித்தன. அதைவிடப் பெரிய கோளாறு, வாசகரின் கண்ணீர் முகாம் அதிகாரியின் மகனுக்குப் போய்விடுவது.

அறத் தேர்வு இடத்தைப் பொறுத்து மாறும். ஜெர்மனி பிடித்த போலந்தில் 1941 அக்டோபருக்குப் பின் யூதருக்கு அடைக்கலம் தந்தால் மரண தண்டனை. டென்மார்க்கில் 1943 அக்டோபரில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் படகேறி ஸ்வீடன் சேர்ந்தார்கள். கோபன்ஹேகனின் துணிச்சலை வார்சாவில் வைத்தால் அந்தத் தேர்வின் விலையே தெரியாமல் போகும். துணிந்த பிள்ளை பிழைக்கும் என்று முடிப்பது கொடுமை. கொல்லப்பட்ட சுமார் 15 லட்சம் யூதக் குழந்தைகளுக்குத் துணிவு போதவில்லை என்று அது சொல்லிவிடும். யூதரை ஒளித்துவைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று ஆசிரியை கேட்கும்போது பொய் சொல்வதா வேண்டாமா என்பதே எட்டு வயதுக்குப் போதுமான பாரம்.

துக்கத்தைக் காட்டக் கல்லறையில் பூ வைக்காதீர்கள். யூத மரபில் சிறு கல் வைப்பார்கள். ஆனால் கொல்லப்பட்டவர்களில் பலருக்குக் கல்லறையே இல்லை, இறந்த நாளும் தெரியாது. ஆண்டு நினைவுக்கு 24 மணி நேரம் எரியும் விளக்கை எந்த நாளில் ஏற்றுவது? கதையில் வரும் குடும்பம் இதைப் பேசட்டும், ஆளுக்கொரு நாள் சொல்லட்டும்.