மண் தடத்துக்கு எந்த டயர் அமைப்பு? பஞ்சரைக் குறைக்க விரும்பும் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுபவர்கள் நம் ஊரில் அதிகம் வைத்திருக்கும் வண்டிகளில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஆகியவை முக்கியமானவை. இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் எக்ஸ்பல்ஸில் 18, ஹிமாலயனில் 17 அங்குலம். ஸ்போக் கம்பி போட்ட ரிம், அதற்குள் டியூப் என்ற பழைய ஏற்பாடுதான் இரண்டுக்கும். இப்படியொரு வண்டியில் வீட்டிலிருந்து தார்ச்சாலை வழியே போய், கண்மாய்க் கரையிலோ மலையடிவாரத்துக் கல் தடத்திலோ சில மணி நேரம் ஓட்டிவிட்டு, அதே டயரில் வீடு திரும்புபவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வண்டியை வேனில் ஏற்றிச் சென்று பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு.

படி 1: உங்கள் தடத்தில் டியூப் எப்படிப் போகிறது என்று பாருங்கள்

அடுத்த முறை பஞ்சர் ஒட்டும்போது, கடைக்காரர் வெளியே எடுக்கும் டியூப்பை வாங்கி ஓட்டையின் உருவத்தைக் கவனியுங்கள். ஊசி குத்தியது போன்ற ஒற்றை ஓட்டை, டயரின் தரை படும் பகுதிக்கு நேராக இருந்தால், அது முள்ளோ ஆணியோ செய்த வேலை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கண்மாய்த் தடங்களில் இந்த வகையே மிகுதி. காய்ந்த முள் டயரைத் துளைத்தபின் வெளிப்புறத்தில் ஒடிந்துவிடுவதால், மேலே தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. டயரின் உட்பக்கத்தை ஒரு பழைய துணியால் துடைத்துப் பாருங்கள், நூல் சிக்கும் இடத்தில் முனை நிற்கும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் அதே முள் அதையும் குத்தும்.

அருகருகே இரண்டு கீறல்கள், பாம்பு கடித்தது போலத் தெரிந்தால், காரணம் முள் அல்ல. கல்லின் விளிம்பில் சக்கரம் வேகமாக மோதும்போது டயர் முழுவதும் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் கிள்ளப்படுகிறது. காற்று குறைவாக இருந்ததும், வேகம் அதிகமாக இருந்ததுமே இதற்குக் காரணங்கள்.

மூன்றாவது வகை, வால்வு தன் அடிப்பகுதியோடு கிழிந்து வருவது. குறைந்த காற்றில் டயர் ரிம்மின்மேல் வழுக்கிச் சுற்றும்போது டியூப்பையும் இழுத்துச் செல்லும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கிழிசலை ஒட்ட முடியாது.

இந்த மூன்றில் உங்களுக்கு நேர்வது எது என்று தெரியாமல் பணம் செலவழிப்பவர்கள்தான் ஏராளம். முள்ளுக்கு உதவும் பொருள் கல்லுக்கு உதவாது.

படி 2: காற்றின் அளவை முதலில் சரிசெய்யுங்கள்

எந்தப் பொருளும் வாங்காமல் செய்யக்கூடிய மாற்றம் இது. 105 முதல் 115 கிலோ எடையுள்ள எண்டுரோ வண்டிகளில் (கரடுமுரடான தடத்துப் பந்தயத்துக்கான இலகு வண்டிகள்) 12 முதல் 14 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுவதைக் காணொலிகளில் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட 200 கிலோ எடையுள்ள ஹிமாலயனில் அதையே செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய டியூப் கிள்ளப்படாமல் இருந்தால்தான் வியப்பு. கல் நிறைந்த தடத்தில் எக்ஸ்பல்ஸுக்கு 20 பி.எஸ்.ஐ.யை ஒட்டியும், ஹிமாலயனுக்கு முன்னே 22, பின்னே 25-ஐ ஒட்டியும் தொடங்கி, ரிம் கல்லில் இடிக்கும் ‘டங்’ என்ற ஓசை கேட்டால் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டுவது பாதுகாப்பான வழி. மணலில் மட்டும் இதற்குக் கீழே இறக்கலாம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு நல்ல காற்றுமானியும் சிறிய பம்பும் இந்தப் பட்டியலில் முதலில் வாங்க வேண்டியவை.

படி 3: டயரையே பாருங்கள்

பாதி தேய்ந்த டயரில் முள் கடக்க வேண்டிய ரப்பரின் தடிமனும் பாதிதான். பின்டயர் விரைவாகத் தேய்கிறது. தவிர, முன்சக்கரம் கிளப்பி நிமிர்த்தி வைக்கும் ஆணியும் முள்ளும் பின்சக்கரத்தில்தான் ஏறுகின்றன. பக்கச்சுவர் கெட்டியாக உள்ள டயர் கல்லில் கிள்ளப்படுவதை ஓரளவு தடுக்கும். கடையில் டயரின் பக்கச்சுவரை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

படி 4: அமைப்புகளை ஒப்பிடுங்கள்

*கனத்த டியூப்.* சாதாரண டியூப்பின் சுவர் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கனத்த டியூப் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதற்கும் மேல் 4 மில்லிமீட்டர் வகையும் உண்டு. இவை கல்லில் கிள்ளப்படுவதை வெகுவாகக் குறைக்கும். நீண்ட கருவேல முள்ளுக்கு முன்னால் இந்தக் கூடுதல் தடிமன் அவ்வளவாகப் பயன்படாது என்றாலும், குத்தியபின் சுவர் முள்ளை இறுகப் பற்றிக்கொள்வதால் காற்று மெதுவாகவே இறங்கும். அடுத்த ஊர் வரை ஓட்டிவிட நேரம் கிடைக்கும். குறைகளும் உண்டு. சக்கரத்தின் எடை கூடும், மாட்டுவது கடினம், நெடுஞ்சாலை வேகத்தில் சூடு அதிகமாகும். வாங்கும்போது பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரா, இயற்கை ரப்பரா என்று கேளுங்கள். பியூட்டைல் காற்றை நீண்ட நாள் பிடித்து வைக்கும்; இயற்கை ரப்பர் நன்றாக நீள்வதால் எளிதில் கிழியாது, ஆனால் வாரந்தோறும் காற்று பார்க்க வேண்டியிருக்கும்.

*சீலன்ட் திரவம்.* டியூப்புக்குள் ஊற்றும் இந்தத் திரவம் முள் போட்ட சிறு ஓட்டையை அடைக்கும். இரட்டைக் கீறலுக்கு இது பயனற்றது. டியூப்பை ஒட்ட வேண்டி வந்தால், ஓட்டையைச் சுற்றி வழிந்த திரவத்தை முழுவதும் துடைத்து உலர்த்தாமல் ஒட்டு பிடிக்காது. பஞ்சர் கடைக்காரர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதற்கு அதுவே காரணம். முள் தடத்தில் ஓட்டுபவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

*டயருக்கும் டியூப்புக்கும் நடுவே வைக்கும் பட்டை.* பழைய டியூப்பை வெட்டி வைப்பதும் இந்த வகைதான். முள்ளை ஓரளவு தடுக்கும், ஆனால் பட்டையின் ஓரம் நாளடைவில் டியூப்பை உரசி அறுக்கும். நான் பரிந்துரைப்பதில்லை.

*ஸ்போக் ரிம்மை டியூப்லெஸ் ஆக்குவது.* ரிம்மின் உட்புறத்தில் கம்பிகளின் தலைகள்மேல் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் அடைத்து, டியூப்பை எடுத்துவிடுவது இந்த முறை. ஜப்பானைச் சேர்ந்த அவுடெக்ஸ் நிறுவனம் இதற்கெனத் தனித் தொகுப்பு விற்கிறது. முள் தடத்துக்கு இதைப் போல வசதியானது வேறில்லை: முள் குத்தினால் காற்று மெல்ல இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமல் சில நிமிடங்களில் வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடலாம். ஆனால் இங்கே ஒரு முக்கியமான சோதனை இருக்கிறது. டியூப்லெஸ்ஸுக்கென்று செய்யப்பட்ட ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் தளத்தை அடுத்து உட்பக்கமாக ஒரு சிறு மேடு ஓடும். காற்று குறைந்தாலும் விளிம்பு உள்ளே சரிந்துவிடாமல் அது தடுத்து நிறுத்தும். டியூப்புக்கென்று செய்த பல ரிம்களில் இந்த மேடு இருக்காது. மேடு இல்லாத ரிம்மை டியூப்லெஸ் ஆக்கிக் குறைந்த காற்றில் ஓட்டினால், வளைவில் விளிம்பு விலகி மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடக்கூடும். முன்சக்கரத்தில் அது பெரும் ஆபத்து. டயரைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்து, மேடு இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். தொழிற்சாலையிலேயே டியூப்லெஸ்ஸாகச் செய்யப்பட்ட ஸ்போக் ரிம் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால், கூடுதல் பணம் கொடுத்தாலும் அது தகும். ஹிமாலயன் 450-க்கு அப்படியொரு ரிம்மைத் தயாரிப்பாளரே தருகிறார்.

*டப்ளிஸ்.* அமெரிக்காவின் நியூடெக் நிறுவனத்துடைய இந்த அமைப்பில், ரிம்மை ஒட்டி ஒரு சிறிய உள்குழாய் சுமார் 100 பி.எஸ்.ஐ. காற்றோடு டயரின் இரு விளிம்புகளையும் சுற்றிலும் அழுத்திப் பிடிக்கிறது. வெளி அறையில் நீங்கள் விரும்பும் அளவுக்குக் காற்றைக் குறைக்கலாம். கிள்ளப்படுவதற்கு அங்கே டியூப்பே இல்லை. முள் ஓட்டையைத் திரியால் அடைத்துவிடலாம். ரிம்மில் கூடுதலாக ஒரு துளை போட வேண்டும், ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் உள்குழாயின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 17 அங்குலப் பின்சக்கரத்துக்கு இது வருவதில்லை. ஆகவே ஹிமாலயன் வைத்திருப்பவர் இதை மறந்துவிடலாம். தார்ச்சாலைப் பயணத்துக்காக உருவாக்கப்பட்டதும் அல்ல.

*மூஸ்.* 1980-களில் பாரிஸ்–டாக்கர் பந்தயத்துக்கு மிஷ்லின் நிறுவனம் கொண்டுவந்த நுரை ரப்பர் வளையம். காற்றே இல்லாததால் பஞ்சரும் இல்லை. அதன் அழுத்தம் ஏறத்தாழ 13 பி.எஸ்.ஐ.க்குச் சமம், கூட்டவோ குறைக்கவோ முடியாது. சாலையில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் சூடேறி உள்ளுக்குள் உருக்குலைந்துவிடும், மாட்டும்போது தனி மசகு பூச வேண்டும், சில மாதங்களில் சுருங்கித் தளர்ந்துவிடும். தார்ச்சாலையில் வீடு திரும்பும் நம் வாசகருக்கு இது ஏற்றதல்ல, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

படி 5: தேர்வு

கல் தடமே அதிகம் என்றால், இரு சக்கரங்களிலும் 3 மில்லிமீட்டர் டியூப்பும் சரியான காற்றும் போதும். முள் தடம் என்றால், ரிம்மில் மேடு இருக்கும் சக்கரத்தை டியூப்லெஸ் ஆக்குங்கள். இல்லாத சக்கரத்தில் கனத்த டியூப்பும் சீலன்ட்டும் போடுங்கள். ஒன்றில் டியூப், மற்றதில் டியூப்லெஸ் என்று இருப்பதில் தவறில்லை. டயர் வழுக்காமல் பிடிக்கும் ரிம் லாக், 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் ஓட்டும் 200 சிசி வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அதற்கும் கீழே இறக்குபவர் கட்டாயம் போட வேண்டும்.

படி 6: மாட்டியபின்

டியூப் போட்ட சக்கரத்தில் வால்வின் அடியில் இருக்கும் சிறு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள். மேலே ஏற்றி வால்வு மூடியோடு ஒட்டி நிறுத்துங்கள். டயர் வழுக்கத் தொடங்கினால் வால்வு ஒரு பக்கம் சாய்ந்து உங்களுக்குக் காட்டிவிடும். அப்போது காற்றை இறக்கி, டயரைப் பின்னுக்குத் திருப்பிச் சரிசெய்தால் டியூப் தப்பிக்கும்.

கையில் இரண்டு டயர் லீவர், ஒட்டு, சொல்யூஷன், பம்பு, அச்சு நட்டுக்கான ஸ்பேனர், இவற்றோடு ஒரே ஒரு 21 அங்குல டியூப் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடிப்பு விழாமல் நிதானமாகத் திணித்து, மெதுவாக ஓட்டி அருகிலுள்ள பஞ்சர் கடை வரை போகலாம். தடத்துக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை மாற்றி, மீண்டும் மாட்டிப் பழகுங்கள். கனத்த டியூப்போடு டயர் விளிம்பின் கடைசி ஒரு சாண் ஏற மறுக்கும்போது, எதிர்ப்புற விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால்தான் ஏறும்.