வீட்டுவழிக் கல்விக்காக மக்கள் பிரதிநிதிகளை அணுகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் வீட்டுவழிக் கல்வி, அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். ஆனால் எந்த நிபந்தனைகளின்பேரில் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துக்கொள்கிறது. டெக்சாஸில் வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ ஆண்டுக்கான பாடத்திட்டம், காலாண்டு அறிக்கைகள், ஆண்டிறுதி மதிப்பீடு ஆகியவற்றைப் பள்ளி மாவட்டத்திடம் (அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தர வேண்டும். பென்சில்வேனியாவில் பிரமாணப் பத்திரமும், பிள்ளையின் படிப்பைக் காட்டும் தொகுப்பும், தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் சான்றும் தேவை. இந்த விதிகளை மாற்றும் மசோதா ஒன்று வரப்போகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும் பெற்றோர் பதறிப்போய் எழுதத் தொடங்குகிறார்கள். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அவசரத்தில் எழுதப்படும் கடிதங்களில் பல உரியவரிடம் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் அவற்றை வைத்து அவர் எதுவும் செய்ய முடிவதில்லை.

முதல் தவறு, தொடர்பில்லாதவருக்கு எழுதுவது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸின், அதாவது கூட்டாட்சி நாடாளுமன்றத்தின், 435 பிரதிநிதிகளுக்கும் 100 செனட்டர்களுக்கும் மாநிலச் சட்டமன்றத்தின் மசோதாவில் வாக்கு கிடையாது. பள்ளிக்கல்வியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடமே இருப்பதால், உங்கள் கடிதம் போக வேண்டியது மாநிலச் சட்டமன்றத்தில் உங்கள் தொகுதியின் உறுப்பினருக்கும் மாநில செனட்டருக்கும்தான் (நெப்ராஸ்காவில் ஒரே அவை என்பதால் அங்கே ஒருவர்). ஆளுநருக்கு எழுதுவதும் அநேகமாகக் காலத்துக்கு முந்திய செயலாகவே முடிகிறது. இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகுதான் மசோதா அவர் கையெழுத்துக்கோ மறுப்புக்கோ வரும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. பள்ளி மாவட்ட அலுவலகம் சட்டம் கேட்காத ஆவணத்தைக் கேட்கிறது என்றால், அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றச் சொன்னாலே போதும். முதலில் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்குச் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள், அடுத்து பள்ளி வாரியத்தை அணுகுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால், அந்தக் கடிதப் போக்குவரத்தின் நகல்களோடு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள். தொகுதிவாசிகளுக்காக அரசு அலுவலகங்களிடம் பேசுவது அந்த அலுவலகத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று.

காலம் தவறுவதும் இதே அளவு சேதம் செய்யும். பெரும்பாலான மசோதாக்கள் அவையின் வாக்கெடுப்பு வரை போவதே இல்லை, அவற்றை முதலில் ஆராயும் உறுப்பினர் குழுவிலேயே நின்றுவிடுகின்றன. ஆகையால் அவையில் வாக்கெடுப்பு நடக்கும் நாளில் எழுதும் நூறு கடிதங்களைவிட, கல்விக் குழு மசோதா பற்றிக் கருத்துக் கேட்கும் விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு எழுதும் பத்துக் கடிதங்களுக்குப் பயன் அதிகம் என்பேன். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள் நடக்கிறது. அந்த நாட்காட்டியை அறியாதவர் நல்ல கடிதத்தையும் வீணாக்கிவிடுவார். இல்லினாயில் குழு விசாரணைக்கு முன் இணையவழியாக ‘விட்னஸ் ஸ்லிப்’ என்ற சாட்சிச் சீட்டைப் பதிந்து ஆதரவையோ எதிர்ப்பையோ தெரிவிக்கலாம். 2025இல் அம்மாநிலத்தில் வந்த எச்.பி. 2827 என்ற மசோதா, வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் அறிவிப்புப் படிவம் தர வேண்டும் என்றது. அதை எதிர்த்த பெற்றோர் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் திரண்டனர், இணையத்திலும் ஏராளமாகப் பதிந்தனர். குழுவைத் தாண்டிய அந்த மசோதா, அவையின் வாக்கெடுப்புக்கு வராமலேயே அந்த வசந்தகாலக் கூட்டத்தொடர் முடிந்தது. அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: ஒரு விசாரணைக்குப் பதிந்த சீட்டு அந்த விசாரணைக்கு மட்டுமே உரியது. திருத்தம் வந்தால் மீண்டும் பதிய வேண்டும். ஒருமுறை பதிந்துவிட்டோமே என்று இருந்துவிடுவோர் பலர்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களிடம் அடிக்கடி காணும் ஒரு தயக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். “எனக்கு வாக்குரிமை இல்லை, விசாவில்தானே இருக்கிறேன், என் கடிதத்தை யார் மதிப்பார்கள்?” என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தொகுதிகளைப் பங்கிடுவதற்கான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமை இல்லாதவர்களும் எண்ணப்படுகிறார்கள். அந்த உறுப்பினர் உங்களுக்கும் பிரதிநிதிதான். குடியுரிமை நிலையைக் கடிதத்தில் எழுத வேண்டிய தேவை இல்லை. எழுத வேண்டியது முகவரியை. தொகுதிக்குள் வசிப்பவரா என்பதையே அலுவலக உதவியாளர் முதலில் பார்ப்பார். முகவரி இல்லாத மின்னஞ்சல் பெரும்பாலும் ஓரமாக ஒதுக்கப்படும். வேறு தொகுதியைச் சேர்ந்த குழு உறுப்பினருக்கு எழுதுவதானால், “தாங்கள் கல்விக் குழுவில் இருப்பதால் எழுதுகிறேன்” என்று முதல் வரியிலேயே காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, எதைக் கேட்கிறோம் என்றே தெரியாத கடிதம். “எங்கள் கல்விச் சுதந்திரத்தைக் காப்பாற்றுங்கள்” என்று மூன்று பக்கம் எழுதினாலும், உதவியாளரால் அதை எந்த மசோதாவின் கீழும் சேர்க்க முடியாது. தொலைபேசியிலும் இப்படித்தான். எடுப்பவர் பெரும்பாலும் இளம் உதவியாளர். பெயர், ஜிப் கோடு, மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்த நான்கையும் முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டால், மீதி நேரத்தில் உங்கள் காரணத்தை அவர் பொறுமையாகக் கேட்பார். கடிதமானால் இப்படித் தொடங்கலாம்: “நான் தங்கள் தொகுதியில் வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கிறேன். இம்மசோதாவின் இரண்டாம் பிரிவு, பள்ளி அலுவலர் எப்போது கேட்டாலும் பாடத்தொகுப்பைக் காட்ட வேண்டும் என்கிறது; எந்தக் காரணத்துக்காக, எத்தனை முறை என்ற வரம்பு அதில் இல்லை. அந்த வரம்பு சேர்க்கப்படாவிட்டால் இதை எதிர்த்து வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இதில் ஒரு பிரிவு இருக்கிறது, ஒரு குறை இருக்கிறது, ஒரு கோரிக்கை இருக்கிறது. இதை எழுதுவதற்கு மசோதாவை முழுதாகப் படித்திருக்க வேண்டும். பிறர் அனுப்பிய சுருக்கத்தை நம்பி எழுதி, மசோதாவில் இல்லாத பிரிவைக் கண்டித்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் எழுதும் உண்மைக்கும் மதிப்புக் குறையும். மசோதாக்களின் முழு வாசகமும் சட்டமன்ற இணையதளங்களில் கிடைக்கிறது. திருத்தப்பட்ட பிந்திய வடிவம்தானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்புகள் தயாரித்துத் தரும் ஒரே வாசகத்தை அப்படியே நகலெடுத்து அனுப்புவது பற்றி இரு கருத்துகள் உண்டு. எண்ணிக்கைக்கும் ஒரு வலிமை உண்டு என்பதற்கு 1994ஆம் ஆண்டின் எச்.ஆர். 6 சான்று. அந்தக் கூட்டாட்சிக் கல்வி மசோதாவில் ஆசிரியர் சான்றிதழ் பற்றிய ஒரு விதி வீட்டில் கற்பிக்கும் பெற்றோரையும் கட்டுப்படுத்திவிடும் என்று அஞ்சி நாடெங்கிலுமிருந்து வந்த அழைப்புகளில் காங்கிரஸின் தொலைபேசிகள் திணறின. பிரதிநிதிகள் சபை 424க்கு 1 என்ற வாக்கில் அந்த விதியை நீக்கியது. ஆனால் அது பெரும் கூட்டமாக அழைத்த நிகழ்வு, அழைத்தவர்களின் கோரிக்கையும் ஒன்றே. உங்கள் தொகுதியிலிருந்து நாற்பது பேர் மட்டும் எழுதும்போது, நாற்பதும் ஒரே வாசகமாக இருந்தால் அவற்றை ஒரே கடிதமாகவே அலுவலகம் கருதும். மாதிரிக் கடிதத்திலிருந்து மசோதா எண்ணையும் கோரிக்கையையும் எடுத்துக்கொண்டு, காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுவதே மேல்.

தொனியில் நேரும் தவறு மேலும் நுட்பமானது. கண்காணிப்பைக் கோரும் உறுப்பினரைப் பிள்ளைகளின் எதிரி என்று எழுதுவதும், அரசுப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் இழித்துரைப்பதும், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று எச்சரிப்பதும் கேட்கும் மனத்தை மூடிவிடும். யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் துன்புறுத்தப்படும் குழந்தைகளைப் பற்றிய கவலையே இத்தகைய மசோதாக்கள் பலவற்றின் பின்னணி. அது பொய்க்கவலை அன்று. அதை ஒப்புக்கொண்டு, இப்போதுள்ள குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் எதைச் செய்ய இயலும், முன்மொழியப்படும் படிவம் எதைச் செய்யாது என்று விளக்கும் பெற்றோருக்கே செவி கிடைக்கும்.

பெரும்பாலோர் நினைத்தும் பார்க்காத ஓர் ஆபத்து, பிள்ளைகளின் விவரங்கள். பல மாநிலங்களில், பொது ஆவணச் சட்டங்களின்படி அரசுக்கு எழுதப்படும் மின்னஞ்சல்களைப் பிறர் கேட்டுப் பெற வாய்ப்புண்டு. விசாரணையில் பேசுவது ஒளிப்பதிவாகவும் வெளியாகலாம். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, மருத்துவ நிலை, மதிப்பெண் ஆகிய எதையும் எழுதாதீர்கள். “எட்டு வயது மகள்” என்பதே போதும். பிள்ளைகளே எழுத விரும்பினால் தங்கள் மொழியில் எழுதட்டும். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

வாஷிங்டனுக்கு எழுத வேண்டிய கூட்டாட்சி விவகாரமாக இருந்தால் தபாலை நம்ப வேண்டாம். 2001ஆம் ஆண்டில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூள் வைத்து அனுப்பப்பட்ட கடிதங்களுக்குப் பிறகு அங்கே வரும் தபால் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுவதால் தாமதமாகும். மின்னஞ்சலோ தொலைபேசியோ விரைவு.

வாக்கெடுப்பு முடிந்ததும் பலர் விலகிவிடுகிறார்கள். உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது பதிவில் இருக்கும். அதைப் பார்த்து, ஆதரித்திருந்தால் நன்றி தெரிவியுங்கள். எதிர்த்திருந்தால் ஏமாற்றத்தை மரியாதையோடு இரண்டு வரிகளில் எழுதி, கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் தொகுதி அலுவலகத்தில் கால் மணி நேரம் சந்திக்க அனுமதி கேளுங்கள். கல்விக்குப் பொறுப்பான உதவியாளரின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த மசோதா வரும்போது அவரையே நேராக அழைக்கலாம்.